கண்மாயா, பண்ணைக்குட்டையா, கூட்டுக் கிணறா, நீர்க்கணக்கா? ஊர் எதில் முதலில் கைவைக்க வேண்டும்

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், புதுக்கோட்டைப் பக்கத்து வாசகர்கள் பலர் ஒரே கேள்வியை வேறுவேறு விதமாகக் கேட்கிறார்கள். ஊர்ப் பொதுப்பணம் கொஞ்சம் இருக்கிறது. அரசுத் திட்டத்திலும் ஏதோ கிடைக்கும் போலிருக்கிறது. அதைக் கொண்டு கண்மாயைத் தூர்வாருவதா, அவரவர் வயலில் பண்ணைக்குட்டை வெட்டிக்கொள்வதா, நாலைந்து பேர் சேர்ந்து ஆழ்துளைக் கிணறு போடுவதா? ஆளுக்கொரு பக்கம் பேசி, கூட்டம் முடிவில்லாமல் கலைந்துவிடுகிறது என்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றைத் தனித்தனித் திட்டங்களாகப் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. எல்லாமே ஒரே மழைத் தண்ணீரில்தான் பங்கு கேட்கின்றன. மேட்டில் நூறு குட்டை வெட்டினால் கண்மாய்க்கு வரத்துக் குறையும். ஆயக்கட்டுக்குள், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல் பரப்புக்குள், கிணறு பெருகினால் தண்ணீர் திறந்துவிடும் மடையைக் கவனிக்க ஆள் இருக்காது. ஆகவே ஊர் மொத்தத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் தேர்வு செய்ய வேண்டும். எதையும் கட்டாமல், இருக்கும் தண்ணீரை அளந்து பயிரை முடிவு செய்யும் நீர்க்கணக்கையும் நான்காவது வழியாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், இரண்டு விதமான மோசமான ஆண்டுகளையும் தாங்குமா என்பது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. பருவம் முழுவதும் சேர்த்து மாநிலச் சராசரி 168 மி.மீ. மட்டுமே. 2023 டிசம்பரிலோ காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் குளக்கரைகள் உடைந்தன. வறட்சியை மட்டும் மனதில் வைத்துப் போடும் திட்டம் இனிப் பாதித் திட்டம்தான்.

இரண்டாவது, தண்ணீர் யாருக்குப் போகிறது? வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ள கடைமடைக்காரர், குத்தகைக்கு உழுபவர், நிலமில்லாமல் ஆடுமாடு மட்டும் வைத்திருப்பவர் ஆகியோருக்கு என்ன மிஞ்சுகிறது? மூன்றாவது, முதல் செலவோடு அடுத்த பத்து ஆண்டுப் பராமரிப்புச் செலவு. நான்காவது, எத்தனை பேர் ஒத்துக்கொள்ள வேண்டும், அதில் ஒருவர் முறித்துக்கொண்டால் மற்றவர்கள் கதி என்ன? எத்தனை நாளில் பலன் தெரியும் என்பதையும் பார்க்க வேண்டும்; ஆனால் கூட்டங்களில் அதற்கு அளவுக்கு மீறிய எடை கொடுக்கப்படுகிறது என்பது என் அனுபவம்.

ஒப்பிட ஓர் அளவும் தேவை. விவசாயிகள் "ஒரு தண்ணீர்" என்று சொல்வதையே எடுத்துக்கொள்கிறேன். ஓர் ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் ஏறத்தாழ 200 கன மீட்டர், அதாவது 2 லட்சம் லிட்டர். இதை ஓர் ஏக்கர்-தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம்.

## கண்மாய் மீட்பு: ஊர் சேர்ந்து செய்வது

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம் என்பது பொதுவான பிரிவினை. உங்கள் கண்மாய் எதில் வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் மனு எழுதினால் ஓராண்டு வீணாகும்.

கண்மாய் என்றதும் எல்லோரும் தூர்வாருவதைத்தான் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழத்துக்கு வண்டல் எடுத்தால் 12,000 கன மீட்டருக்குச் சற்று மேல் இடம் கிடைக்கும். மூன்று யூனிட் டிப்பரில் ஏறத்தாழ 1,450 நடை மண். அத்தனை நடைக்கும் கிடைப்பது 60 ஏக்கருக்கு ஒரே ஒரு தண்ணீர். 60 ஏக்கர் நீர்ப்பரப்பும் சராசரி 1.5 மீட்டர் ஆழமும் உள்ள கண்மாய் ஒருமுறை நிரம்பினால் 3.6 லட்சம் கன மீட்டர். அந்த வண்டல் குழியைப் போல முப்பது மடங்கு. அப்படியானால் முதல் காசு எங்கே போக வேண்டும்? வரத்துக்கால்வாய்க்கு. கால்வாயில் மண்டியிருக்கும் சீமைக் கருவேலத்தையும், இடையில் யாரோ போட்ட மண் பாதையையும், தூர்ந்துபோன வளைவையும் சரிசெய்தால், பாதியில் நின்றுபோகும் கண்மாய் நிரம்பும்.

இன்னொன்றும் கவனியுங்கள். மடைத்தூம்பின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. மாடு குடிக்கும், மீன் வளரும், கிணற்றில் ஊறும், நல்லதுதான். ஆனால் பாசனம் கூடும் என்று நம்பி அங்கே பணத்தைக் கொட்டக் கூடாது. கரையை ஒட்டித் தோண்ட விடவே கூடாது. அது கரையின் காலை வெட்டுவதற்குச் சமம். வண்டலை விவசாயிகளே வயலுக்கு அடித்துக்கொள்ளட்டும். 2024-இல் இந்த அனுமதி வட்டாட்சியர் அளவிலேயே கிடைக்கும்படி நடைமுறை எளிதாக்கப்பட்டது. பொதுப்பணம் வரத்துக்கால்வாய், மடைக் கதவு, கலிங்கு (மிகுந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்), கரை என்ற வரிசையில் போகட்டும். பெருமழைக் காலத்தில் ஊரைக் காப்பாற்றுவது கலிங்குதான். அதன் வாயில் மண் மூட்டை அடுக்கித் தண்ணீரை உயர்த்தி வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பெருமழையில் அது கரையையே கொண்டுபோய்விடும்.

மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் பணத்தில் இல்லை. கண்மாய்கள் சங்கிலித்தொடராக இருப்பவை. மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். மேலே உடைந்தால் கீழேயும் உடையும். எனவே பக்கத்து ஊரோடு பேசாமல் ஒரு ஊர் மட்டும் தன் கண்மாயைச் சரிசெய்வது அரை வேலை. ஆக்கிரமிப்பை எடுக்கப் போனால் உறவுக்காரர்களே எதிரே நிற்பார்கள். கருவேலம் வேரோடு எடுக்கப்படாவிட்டால் ஓரிரு மழையில் திரும்பத் தழைத்துவிடும்.

தை மாதத்தில் ஒரு மடையில் போய் நின்றால் மற்றதெல்லாம் புரியும். நெல் பால் பிடித்து நிற்கிறது. கண்மாயில் கால்வாசித் தண்ணீர். தலைமடை வயலில் கணுக்கால் அளவு தேங்கியிருக்க, கடைமடையில் மண் வெடித்துக் கிடக்கிறது. இரவில் யாரோ வாய்க்காலை மண்வெட்டியால் இரண்டு கொத்துக் கொத்தித் தன் வயலுக்குத் திருப்பிவிடுகிறார். காலையில் நீர்ப்பாய்ச்சி, அதாவது ஊருக்காகத் தண்ணீரைப் பங்கிட்டு விடுபவர், வந்து பார்த்து, மண்ணை அள்ளி அடைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் கடைமடைக்கு நடக்கிறார். அந்த ஒரு மனிதரின் சொல்லுக்கு ஊர் கட்டுப்பட்டால் கண்மாய்ப் பாசனம் நடக்கும். இல்லையென்றால் புது மடைக் கதவு இருந்தும் பயனில்லை.

இந்த வேலை பல ஊர்களில் தலித் குடும்பங்களின் மேல் பரம்பரையாகச் சுமத்தப்பட்டது. அறுவடையில் ஏக்கருக்குச் சில மரக்கால் நெல்தான் கூலி. மரியாதை அதைவிடக் குறைவு. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனது நியாயம். நீர்ப்பாய்ச்சி கிடைக்கவில்லை என்று வருந்தும் ஊர்கள் ஒழுங்கான மாதச் சம்பளத்தையும், தவறு செய்தவருக்கு அபராதம் போடப் பாசன விவசாயிகள் சங்கத்தின் ஆதரவையும் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். பராமரிப்புச் செலவில் முதல் வரியாக இதைத்தான் எழுதுவேன்.

சட்டப்படி சங்கத்துக்கு இடம் உண்டு: விவசாயிகளே பாசன அமைப்புகளை நிர்வகிப்பதற்கான தமிழ்நாட்டுச் சட்டம் 2000-இல் வந்தது. நீர்நிலைகளை ஊராரே பராமரிக்கும் பழைய முறையான குடிமராமத்து 2017-இல் மீண்டும் தொடங்கப்பட்டபோது விவசாயிகளின் பங்கு 10 சதவீதம் என்று வைத்தார்கள். அந்தப் பங்கை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஒப்பந்ததாரர் கொடுத்திருந்தால் அது ஊர் வேலையாக இருந்திருக்காது. ஏக்கர் வாரியாக ஊரார் போட்டிருந்தால், வேலை நடந்த நாளில் நாலு பேராவது பக்கத்தில் நின்று பார்த்திருப்பார்கள்.

எப்போது இதுதான் சரி: ஆயக்கட்டில் கிணறுகள் குறைவாகவும், கடைமடை வரை சிறு விவசாயிகளாகவும், வரத்துக்கால்வாய் தூர்ந்திருந்தாலும் தடம் அழியாமலும் இருக்கும் ஊரில். ஆடுமாடு, துணி துவைப்பு, குடிநீர்க் கிணற்றின் ஊற்று ஆகிய எல்லாவற்றுக்கும் பயன்படுவதால், கட்டுமான வேலைகளில் நிலமில்லாதவருக்கும் பங்கு தருவது இது ஒன்றுதான்.

## பண்ணைக்குட்டை: அவரவர் வயலில்

யாரையும் கேட்க வேண்டாம், இரண்டு நாளில் பொக்லைன் வெட்டிவிடும், அடுத்த மழையில் பலன். இதன் கவர்ச்சி அதுதான்.

30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்று வெட்டினால், பக்கச் சரிவைக் கழித்து ஏறத்தாழ 1,450 கன மீட்டர் பிடிக்கும், ஏழு ஏக்கர்-தண்ணீர். வெயில் மட்டும் நாளைக்கு 5 மி.மீ. குடித்தால் ஒன்றரை மாதத்தில் அதில் ஒன்று போய்விடும். கரிசலில் தண்ணீர் நிற்கும். செம்மண்ணிலும் மணற்பாங்கிலும் பிளாஸ்டிக் விரிப்புப் போடாமல் நிற்காது. விரிப்புப் போட்டால் எலியும் ஆட்டுக் குளம்பும் வெயிலும் அதைக் கிழிக்கும்; அந்தச் செலவு திரும்பத் திரும்ப வரும். விரிப்புப் போட்ட குட்டையில் வழுக்கி விழும் குழந்தையால் ஏறி வர முடியாது. வேலியும், கரையிலிருந்து தண்ணீர் வரை தொங்கும் முடிச்சுக் கயிறும் இல்லாமல் குட்டை வெட்டக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

குட்டையும் கரையும் சேர்ந்து 30 சென்ட் இடம் பிடிக்கும். ஐந்து ஏக்கர்காரருக்கு அது பொருட்டல்ல. ஓர் ஏக்கர்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு நிலம். குத்தகைதாரர் வெட்டவே முடியாது.

பெரிய மறைசெலவு ஊர்க் கணக்கில்தான் தெரியும். கண்மாயின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இப்படி நூறு குட்டை வெட்டினால் 1.45 லட்சம் கன மீட்டர். மேலே சொன்ன கண்மாயின் ஒரு நிரம்பலில் ஐந்தில் இரண்டு பங்கு. நல்ல மழையில் யாருக்கும் உறைக்காது. 2016 போன்ற ஆண்டில், மேட்டு விவசாயியின் குட்டை நிறைந்து கண்மாய் வறண்டு கிடக்கும். மகாராஷ்டிரத்தில் வேறொரு கோணலும் நடந்தது: மழைநீரைப் பிடிக்க வேண்டிய குட்டைகளுக்கு விரிப்புப் போட்டு, கிணற்றுத் தண்ணீரை இறைத்து நிரப்பிச் சேமித்துக்கொண்டார்கள். நிலத்தடியில் பொதுவாக இருந்த தண்ணீர், வசதியுள்ளவரின் தனித் தொட்டிக்கு ஏறியது.

எப்போது இதுதான் சரி: கண்மாய்க்கு மேலே, வாய்க்கால் எட்டாத மானாவாரி நிலத்தில். மிளகாய், உளுந்து, கம்பு காய்ந்துபோகும் நேரத்தில் உயிர்த்தண்ணீராக ஒன்றோ இரண்டோ பாய்ச்சுவதற்கு. நெல்லுக்கு இதை நம்ப வேண்டாம். எத்தனை குட்டை, எந்தப் பகுதியில் என்பதை ஊர் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

## கூட்டுக் கிணறு

மேற்குச் சிவகங்கை போன்ற பாறைப் பகுதியில் நிலத்தடித் தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் இருக்கிறது. ஒருவர் போட்ட இடத்தில் கொட்டும். வரப்பைத் தாண்டி அடுத்தவர் போட்டால் புகைதான் வரும். தனியாளாகக் கடன் வாங்கிக் குழாய்க்கிணறு போட்டுத் தோற்றவர்களின் குடும்பங்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஆறு, எட்டுப் பேர் சேர்ந்தால் அந்த அடி ஒருவர் தலையில் விழாது. கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் 10 முதல் 15 ஏக்கர் தரிசுத் தொகுப்புகளுக்குப் பொதுவான நீராதாரம் அமைப்பது இதே எண்ணத்தில்தான். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் 100 சதவீத மானியத்திலும், மற்றவர்களுக்கு 75 சதவீதத்திலும் கிடைப்பது கூடுதல் வலு.

சேர்வது எளிது, சேர்ந்து இருப்பதற்குத்தான் ஏற்பாடு தேவை. கிணறு யாரோ ஒருவர் பட்டாவில்தான் இருக்கும். அவர் நிலத்தை விற்றால்? இறந்து, பிள்ளைகள் பாகம் பிரித்தால்? குழாய் போகும் பாதையை ஒருவர் அடைத்தால்? கிணற்று உரிமை, குழாய்ப் பாதை, மணிக்கணக்கு முறை, மோட்டார் பழுதுக்கான மாதத் தொகை ஆகிய நான்கையும் எழுதிப் பதிவு செய்துகொள்ளாமல் முதல் அடி துளைக்கக் கூடாது.

1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், மின் கட்டணம் என்ற கடிவாளமும் கிடையாது. அளவோடு இறைப்பது குழுவின் ஒழுங்கைப் பொறுத்தது. சொட்டுநீரில் மிச்சமாகும் தண்ணீர் பெரும்பாலும் நிலத்தடியில் தங்குவதில்லை. அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு ஏக்கருக்குப் பாய்கிறது. ராமநாதபுரம் கடலோரத்தில் அதிகமாக இறைத்தால் உப்பு உள்ளே வரும். வந்த உப்பு எளிதில் போகாது.

கண்மாய் ஆயக்கட்டுக்குள் கிணறு வந்தால் ஊரே இரண்டாகப் பிரிகிறது. கிணறு உள்ளவருக்கு மடை திறக்காமல் இருப்பதே லாபம். கண்மாயில் தண்ணீர் நின்றால் அவர் கிணறு ஊறும். கிணறு இல்லாதவருக்கு மடை திறந்தால்தான் சோறு. சங்கக் கூட்டத்தில் முதலாமவரின் குரல் உயர்ந்திருக்கும். காலப்போக்கில் வாய்க்கால் தூர்கிறது, கண்மாய் வெறும் ஊறல் குளமாகிறது, கிணறு இல்லாதவர் பக்கத்து வயல்காரரிடம் மணிக்கு இவ்வளவு என்று தண்ணீரை விலைக்கு வாங்குகிறார். பல ஊர்களில் இது நடந்து முடிந்துவிட்டது.

எப்போது இதுதான் சரி: ஆயக்கட்டுக்கு வெளியே உள்ள தரிசில், ஏற்கெனவே ஒருவரையொருவர் நம்பும் சிறு குழுவுக்கு, நெல்லும் கரும்பும் வேண்டாம் என்ற ஒப்பந்தத்தோடு.

## நீர்க்கணக்கு: எதையும் கட்டாமல்

மழைமானி ஒன்று, சில கிணறுகளின் நீர்மட்டத்தை அளக்க ஒரு நாடா, கண்மாயில் ஓர் அளவுகோல் கல். பருவமழை முடியும் தறுவாயில் ஊர் உட்கார்ந்து, இருக்கிற தண்ணீர் இவ்வளவு, அதற்கு இந்தப் பயிர் இத்தனை ஏக்கர் என்று முடிவு செய்வது. செலவு மிகக் குறைவு. ஒற்றுமை மிக அதிகமாக வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்து ஹிவ்ரே பஜாரில் போபட்ராவ் பவார் தலைமையில் கிராம சபை இதைச் செய்துகாட்டியது. அங்கே பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது; கரும்பும் வாழையும் கூடாது; மழை குறைந்த ஆண்டில் குடிநீருக்கும் கால்நடைக்கும் ஒதுக்கிய பிறகே பயிர். ஆந்திரத்தின் வறட்சி மாவட்டங்கள் ஏழில் நடந்த விவசாயிகள் நிலத்தடி நீர் மேலாண்மைத் திட்டம் வேறு வழியில் போனது: விவசாயிகளே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து எழுதினார்கள், தடை எதுவும் இல்லை, கணக்கைப் பார்த்து அவரவர் பயிரை மாற்றிக்கொண்டார்கள். மகாராஷ்டிரத்தின் புரந்தர் வட்டத்தில் 1970-களில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பானி பஞ்சாயத்துதான் என் மனதுக்கு மிக நெருக்கமானது. தலைக்கு அரை ஏக்கருக்கான தண்ணீர் என்று ஆள் கணக்கில் பங்கு, நிலமில்லாதவருக்கும் உண்டு, கரும்புக்குக் கிடையாது.

நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ. தண்ணீர் வேண்டும், உளுந்துக்கு அதில் கால் பங்கு போதும். எனவே பயிரைப் பற்றிய ஓர் ஒப்பந்தம் மிச்சப்படுத்தும் தண்ணீரை எந்தத் தூர்வாரலாலும் தர முடியாது. மறைசெலவு, அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றத் தேவைப்படும் மன உறுதி. உளுந்துக்கு மாறச் சொல்லும் ஊர், அதை விற்க வழியும் பார்க்க வேண்டும். நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கிறது, மற்றதைப் பெரும்பாலும் வியாபாரி சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

## ஒரே பார்வையில்

| | கண்மாய் மீட்பு | பண்ணைக்குட்டை | கூட்டுக் கிணறு | நீர்க்கணக்கு |
|---|---|---|---|---|
| மழை பொய்த்தால் | பகிர்வு ஒழுங்கு இருந்தால் ஓரளவு | ஒன்றிரண்டு உயிர்த்தண்ணீர் | முதல் ஆண்டு தாங்கும், தொடர்ந்தால் வற்றும் | இழப்பைக் குறைக்கும் |
| பெருமழையில் | கலிங்கும் கரையும் சரியாக இருந்தால் காக்கும் | பெரிய உதவி இல்லை | உதவி இல்லை | உதவி இல்லை |
| விடுபடுபவர் | கண்காணிப்பு இல்லையேல் கடைமடைக்காரர் | குத்தகைதாரர், ஓர் ஏக்கர்காரர் | குழுவுக்கு வெளியே உள்ளவர் | குரல் இல்லாதவர் |
| தொடர் செலவு | நீர்ப்பாய்ச்சி சம்பளம், கருவேலம் | விரிப்பு, வேலி | மோட்டார், குழாய் | விற்பனை ஏற்பாடு |
| ஒத்துழைப்பு | ஊரும் பக்கத்து ஊரும் | ஒரே குடும்பம் | ஆறு முதல் எட்டுப் பேர் | ஊர் முழுவதும் |

## என்றால், உங்கள் ஊருக்கு எது?

மடைப் பாசனம் இன்னும் உயிரோடு இருக்கும் ஊர் என்றால் தயங்க வேண்டாம்: வரத்துக்கால்வாயும் கலிங்கும் முதலில், மேட்டு நிலத்துக்கு எண்ணிக்கை வரையறுத்த குட்டைகள் பிறகு, ஆயக்கட்டுக்குள் புதுக் கிணறு வேண்டாம். கிணறுகள் ஏற்கெனவே பெருகிவிட்ட ஊரில் கண்மாயை மட்டும் சரிசெய்தால் பலன் கிணற்றுக்காரருக்கே போகும். அங்கே நீர்க்கணக்கையும், கிணறு இல்லாதவருக்கு நியாயமான விலையில் தண்ணீர் என்ற ஒப்பந்தத்தையும் சேர்த்தே தொடங்க வேண்டும். கிணற்றுக்காரர்கள் அதற்கு ஒப்பவில்லை என்றால், பொதுப்பணத்தைக் கண்மாயில் போடுவதற்கு நான் ஆதரவு தரமாட்டேன்.

பழைய பகையால் கூட்டமே கூட்ட முடியாத ஊர்களும் உண்டு. அங்கே பெரிய சங்கத்தை வலிந்து உருவாக்க வேண்டாம். ஒரே வாய்க்காலில் பாயும் எட்டுக் குடும்பங்கள் போதும். ஒரு மடையின் முறையை ஒழுங்குபடுத்தி, கணக்கை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்கட்டும். பட்டா பெயரில் இல்லாததால் பெண்களும் குத்தகைதாரர்களும் பெரும்பாலும் அழைக்கப்படுவதில்லை. வயலில் தண்ணீர் கட்டுபவர் யாரோ அவரே கூட்டத்தில் உட்கார வேண்டும். ஓராண்டு முறை பிசகாமல் நடந்தால் அடுத்த மடைக்காரர்கள் தாங்களாகவே கேட்டு வருவார்கள்.

எதைத் தேர்ந்தாலும் கூட்டத்தைச் சித்திரையிலேயே கூட்டுங்கள். அளவை, அனுமதி, பங்குத்தொகை எல்லாம் முடிய மூன்று மாதமாவது பிடிக்கும். வரத்துக்கால்வாய் வேலை ஆவணிக்குள் முடிந்தாக வேண்டும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பொக்லைன் உள்ளே இறங்காது.